நீலக்கல் விழுந்த அறை

"கல்லு அசல்னு லேப்லயே எழுதிக் கொடுத்துட்டாங்க. அப்புறம் நாம எதுக்கு மாமா இந்த வெயில்ல வேகணும்?"

கேட்டவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது அவளைப் பெற்றவள்தான். ஒரு தொலைபேசி நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள், ஒருவருக்குப் பதிலைக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிவிட்டதால், இப்போது தாய்மாமனிடம் உதவியாளராக இருக்கிறாள். தாய்மாமன் துப்பறிவாளர். அவர் ஒரு நாளில் பேசுவதையெல்லாம் ஒரு தீப்பெட்டியில் அடைத்துவிடலாம்.

அவர் பதில் சொல்வதற்குள் தெருமுனை வந்துவிட்டது.

"அசலா இருக்கிறதுதான் இடிக்குது" என்றார்.

முந்தைய நாள் மாலை ஒரு டீச்சர் வந்து அவருடைய மேசைக்கு எதிரே உட்கார்ந்தபோதும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மகளோடு போய்ச் சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்து, இருந்த ஒரே வீட்டை விற்றுவிட்டார். அந்தப் பணம் முழுவதையும் ஒரு நீலக்கல்லாக மாற்றிக் கொண்டுபோய் அங்கே விற்றால் நல்ல லாபம் என்று ஏற்பாடு. விற்பவர் வெயிலிலும் கோட்டைக் கழற்றாத ஒரு வியாபாரி. துணைக்கு வருபவர் மகளின் மாமனார். கல்லை லேபுக்குக் கொண்டுபோகச் சொல்லி விடாப்பிடியாக நின்றவரும் அந்தச் சம்பந்திதான். எந்த லேப் என்பதை டீச்சரே தேர்ந்தெடுத்தார். கல் அசல் என்று வந்துவிட்டது. இன்று மதியம் செக்கைக் கொடுத்துக் கல்லை வாங்க வேண்டும்.

"எல்லாம் சரியா இருக்கு சார். அதான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு டீச்சர் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார். "இது போச்சுன்னா எனக்குத் திரும்பிப் போக ஒரு கதவு கூடக் கிடையாது."

துப்பறிவாளர் வெகுநேரம் அந்தக் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்கு நானும் வரேன்" என்றார்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது.

கல் தரகர்களின் கூடம் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. வரிசையாக ஜன்னல்கள், ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு மேசை, மேசைமேல் வெள்ளைத் துணி. அங்கே எவரும் விளக்குப் போட்டிருக்கவில்லை. இடுக்கியும் லென்ஸும் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி, ஆள்கள் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்களைப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். குனிந்த தலை எதுவும் இவர்களுக்காக நிமிரவில்லை. ஆனால் எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்பது துப்பறிவாளருக்குத் தெரிந்தது.

கோட்டுக்காரரின் புகைப்படத்தை டீச்சரிடமிருந்து ரேடியோ தன் போனில் வாங்கி வைத்திருந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த ஒரு தரகரம்மா அதை வாங்கிப் பார்த்தார்.

"இந்த மூஞ்சி இந்த ஹாலை மிதிச்சதே இல்ல" என்றவர், பின்னால் திரும்பினார். "யோவ் மொட்ட, இந்தாளத் தெரியுமா பாரு!"

போன் மேசை மேசையாகப் போய்த் திரும்பி வந்தது. யாருக்கும் தெரியவில்லை.

"எவ்வளவு பெரிய கல்லும்மா?"

ரேடியோ சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள்.

"அப்படியொரு நீலம் வச்சிருக்கிறவன எங்களுக்குத் தெரியாம இருக்காது. கல்லுக்குக் கால் இல்ல பாரு. யாரோ ஒருத்தன் கொண்டுவந்து இவன் கையில கொடுத்திருக்கணும்."

துப்பறிவாளர் அதைக் கேட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ரேடியோவால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏங்க்கா, என்னை மாதிரி ஒண்ணும் தெரியாதவ ஒரு கல்லு வாங்கணும்னா என்ன பார்க்கணும்?"

"மொதல்ல கல்லப் பார்க்காத, லைட்டப் பாரு. ஜன்னல் பக்கம் எடுத்துட்டு வர யோசிக்கிறவன்கிட்ட வாங்காத. கலர் துணியில வச்சுக் காட்டுனா, வெள்ளைக் காகிதத்துக்கு மாத்து. லேபுக்கு நீயே கொண்டு போ, நீயே திருப்பிக் கொண்டு வா. நடுவுல வேற ஒரு கை படக்கூடாது."

"மாப்பிள்ளை பார்க்கிறதவிடக் கஷ்டமா இருக்கே!"

"மாப்பிள்ளையத் திருப்பிக் கொடுக்க முடியாது. கல்லாவது..."

தரகரம்மா முடிக்கவில்லை. பக்கத்து மேசையில் எவருடைய இடுக்கியிலிருந்தோ ஏதோ நழுவியது. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கூடமே நின்றுவிட்டது. தேநீரை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நின்றார். கதவருகே போய்க்கொண்டிருந்தவர் ஒரு பாதம் மட்டும் தரையில் பட, சுவரைப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி நின்றார். பேச்சு இல்லை, மூச்சுகூட இல்லாதது போலிருந்தது. துப்பறிவாளருக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. அப்படி ஒரு அமைதியை அவர் தன் அறையில் தவிர வேறெங்கும் கண்டதில்லை.

"என்னாச்சு? எல்லாருக்கும் கரண்ட் போயிடுச்சா?" என்றபடி ரேடியோ ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"ஏ பொண்ணே, கால!" என்று நான்கைந்து குரல்கள் ஒன்றாக வெடித்தன.

அவள் நின்றாள். பிறகு எல்லாரும், நின்ற இடத்திலேயே, முதலில் தங்கள் பேண்ட்டின் கால் மடிப்பைப் பிரித்துப் பார்த்தார்கள். அடுத்து ஒவ்வொரு பாதமாகத் தூக்கிச் செருப்பின் அடியைத் தடவினார்கள். ஒருவர் மட்டும் மண்டியிட்டு, தபால் அட்டை ஒன்றைப் படுக்கவைத்து, சுவர் ஓரத்திலிருந்து நடுப்பக்கமாகத் தரையைப் பெருக்கிக்கொண்டு வந்தார்.

கல் ரேடியோவின் செருப்புப் பள்ளத்தில் இருந்தது.

"உன் சம்பளத்தவிட உன் செருப்பு விலை கூடிப்போச்சு இன்னிக்கு" என்று தரகரம்மா அதை இடுக்கியால் எடுத்தார்.

"இன்னிக்கு மட்டும் இல்லக்கா. மாமா கொடுக்கிற சம்பளத்துக்கு வெறும் செருப்பே விலை கூடத்தான்."

வெளியே வந்ததும் துப்பறிவாளர் ஒரு மரநிழலில் நின்றார். ரேடியோ நான்கு விஷயங்கள் பேசி முடித்து, ஐந்தாவதைத் தொடங்கும்போது அவர் வாய் திறந்தார்.

"கல்லு அசல். கல்காரன் போலி. அப்ப அசல் கல்ல அவன்கிட்டக் கொடுத்தது யாரு?"

"கூட்டாளி ஒருத்தன் இருக்கான்கிறீங்களா?"

"கல்லு தெரிஞ்ச ஒருத்தன்." அவர் அவளுடைய சட்டையைப் பார்த்தார். "அந்தக் கைப்பட்டன் தொங்குது. பிய்ச்சு வச்சுக்க."

"பொம்பளப் புள்ள சட்டை கிழிஞ்சா தைச்சுக்கன்னு சொல்லுவாங்க. பிய்ச்சுக்கன்னு சொல்ற ஒரே மாமன் நீங்கதான்."

ஆனால் பிய்த்துக்கொண்டாள். அவர் எதற்குச் சொல்கிறார் என்பது அவளுக்குப் பாதி புரிந்திருந்தது. மீதியை நடந்துகொண்டே அவர் சொன்னார்.

கோட்டுக்காரரின் அறை ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. திரைச்சீலை இழுத்துவிடப்பட்டு, நீலம் கலந்த வெள்ளை ஒளியில் ஒரு குழல்விளக்கு எரிந்தது. மேசைமேல் கருநீல வெல்வெட் துணி. புதிய நாற்காலிகளில் ஒன்றின் காலில் கடையின் நெகிழித் தாள்கூட இன்னும் முழுவதும் கிழிக்கப்படவில்லை. எதைப் பார்த்தாலும் எங்கிருந்தோ நேற்று வந்திறங்கியது போல இருந்தது.

டீச்சர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சம்பந்தி; ஒல்லியானவர், நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. துப்பறிவாளரைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார்.

"நல்லவேளை வந்தீங்க சார். நான் சம்பந்தியம்மாகிட்டப் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டேன், இந்தக் கல்லும் வேணாம் கில்லும் வேணாம்னு. எனக்கு இதெல்லாம் ஒரு எழவும் புரியாது. தண்ணி வரி ஆபீஸ்ல காலம் தள்ளினவன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் வயித்துல வர்ற கல்லுதான்."

"அத விக்க முடியாது. அதான் நம்ம துரதிர்ஷ்டம்" என்றாள் ரேடியோ.

கோட்டுக்காரர் பெரிதாகச் சிரித்தார். குரல் கணீரென்று இருந்தது. "சந்தேகம் நல்லதுங்கம்மா. சந்தேகப்படுற கஸ்டமர்தான் எனக்குத் தெய்வம்."

துப்பறிவாளர் உட்கார்ந்தார். அறையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். கோட்டுக்காரர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"லேப்ல இருந்து கல்லு யார் கையில திரும்பி வந்துச்சு?"

"என் கையிலதான்" என்றார் சம்பந்தி. "சம்பந்தியம்மாவ வெயில்ல அலைய விட வேணாம்னு நானே கொண்டுவந்து இவர்கிட்ட ஒப்படைச்சேன். சும்மா இல்ல, எழுதி வாங்கிட்டுத்தான். இந்தக் காலத்துல யார நம்ப முடியுது சார்?"

டீச்சர் தலையாட்டினார். "அவர் இல்லன்னா நான் என்னிக்கோ ஏமாந்திருப்பேன்."

கோட்டுக்காரர் ஒரு காகிதப் பொட்டலத்தை வெல்வெட்டில் வைத்துப் பிரித்தார். உள்ளே நீலக்கல். கருநீலத் துணியில், அந்த விளக்கின் கீழ், அது ஒரு கண் விழித்துப் பார்ப்பது போலிருந்தது. டீச்சரின் கை தானாகக் கைப்பையின் ஜிப்புக்குப் போயிற்று.

"வெள்ளைக் காகிதம் இருக்கா?" என்றார் துப்பறிவாளர். "ஜன்னல் பக்கம் வச்சுப் பார்க்கணும்."

கோட்டுக்காரர் ஒரு நொடி தயங்கினார். "அதெல்லாம் லேப்லயே..."

"அட, அவர் கேட்கிறாரு இல்ல? காட்டுங்க!" என்று சம்பந்தி அதட்டினார். "ஒளிக்க ஒண்ணும் இல்லன்னா காட்ட வேண்டியதுதானே?"

ரேடியோ முந்திக்கொண்டாள். கல்லை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு, திரைச்சீலையை விலக்கப் போனாள். நாற்காலியின் கால் தட்டியது. தடுமாறினாள்.

"ஐயோ!"

'டிக்' என்று ஒரு சத்தம். மொசைக் தரையில் ஏதோ உருண்டு ஓடி எங்கோ அடங்கியது.

டீச்சர் அலறிக்கொண்டு எழுந்து ஜன்னலுக்கு ஓடினார். கோட்டுக்காரர் தடாலென நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அது கரகரவென்று தரையைத் தேய்த்துக்கொண்டு போயிற்று. மேசையைச் சுற்றி வந்தவர், தன் கனத்த பூட்ஸுகளால் அறையின் பாதியை மிதித்துவிட்டு, "இங்கதான்... இங்கதான் எங்கயாவது..." என்று கையை வீசி மண்டியிட்டார்.

துப்பறிவாளர் எதிர்பார்த்தது அதைத்தான். கல் வியாபாரி இல்லாத ஒருவன் அப்படித்தான் ஓடுவான். ஆனால் அவர் அடுத்துக் கண்டதை எதிர்பார்க்கவில்லை.

சம்பந்தி அசையவில்லை. எழுந்து நின்றவர் எழுந்த இடத்திலேயே, பாதி வளைந்த முழங்காலோடு, உறைந்து நின்றார்.

"யாரும் கால எடுக்காதீங்க!"

அந்தக் குரலில் தண்ணீர் வரி ஆபீஸ் இல்லை. அவர் குனிந்து முதலில் தன் பேண்ட்டின் மடிப்பைப் பிரித்துப் பார்த்தார். பிறகு ஒரு பாதத்தைத் தூக்கிச் செருப்பின் அடியைத் தடவினார், மற்றதையும் தடவினார். மேசைமேலிருந்த விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்துப் படுக்கவைத்து, சுவர் ஓரத்திலிருந்து நடுவே நோக்கித் தரையைப் பெருக்கத் தொடங்கினார். விரல்கள் ஒரே தாளத்தில் போய் வந்தன. ஒரு மூலை முடிந்து அடுத்த மூலைக்குப் போகும்போதுதான் அறையின் அமைதி அவருக்கு உறைத்தது.

நிமிர்ந்தார்.

துப்பறிவாளர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ ஜன்னலருகே உள்ளங்கையை விரித்தாள். நீலக்கல் அங்கேயே இருந்தது.

"விழுந்தது என் சட்டை பட்டன் சித்தப்பா. கிடைச்சாக் கொடுங்க, தைக்கணும்."

சம்பந்தி மெல்ல எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"விலை உயர்ந்த பொருள் விழுந்தா எல்லாரும் பதறத்தான் செய்வாங்க."

"டீச்சர் பதறுனாங்க. ஓடிவந்தாங்க" என்றார் துப்பறிவாளர். "இவர் ஓடிவந்தாரு. நீங்க ஓடல. பேண்ட் மடிப்பைப் பார்த்தீங்க."

"அதுல என்ன..."

"அப்புறம் செருப்பு. அப்புறம் அட்டை. இதே வரிசையில காலையில ஒரு ஹாலே செஞ்சதப் பார்த்துட்டு வரேன். கல்லோட வருஷக்கணக்கா இருந்த உடம்புக்குத்தான் அது வரும். விழுந்தது போலின்னு உங்க மனசுக்குத் தெரியும். உடம்புக்கு யாரும் சொல்லல."

"போலியா?" டீச்சரின் குரல் மெலிந்து வந்தது.

"லேபுக்குப் போனது அசல். லேப்ல இருந்து இங்க வந்தது வேற. நடுவுல ஒரு கைதான் பட்டிருக்கு."

அதன்பின் அவர் பேசவில்லை. கோட்டுக்காரர் இன்னும் தரையில் மண்டியிட்டபடியே இருந்தார். துப்பறிவாளர் அவர் பக்கம் திரும்பி, அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டது மாடி வரை கேட்டது. குழல்விளக்கு ரீங்கரித்தது. கோட்டுக்காரர் கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை. கோட்டின் கையாலேயே நெற்றியைத் துடைத்தார்.

"சார்... நான் நாடகத்துல நடிக்கிறவன் சார்" என்றார் கடைசியில். "வசனத்த எழுதிக் கொடுத்தாரு, பேசினேன். கோட்டுகூட அவர் எடுத்துக் கொடுத்ததுதான்."

"எவரு?"

கோட்டுக்காரரின் கண்கள் சம்பந்தியைத் தொட்டுவிட்டுத் தாழ்ந்தன.

"ராஜா வேஷம் போட்டிருக்கீங்களா?" என்றாள் ரேடியோ.

"போட்டிருக்கேம்மா."

"அதான். கீழ விழுந்த கல்லையெல்லாம் மிதிச்சுக்கிட்டே வந்தீங்க."

துப்பறிவாளர் சம்பந்தியிடம் கையை நீட்டினார். "இதே தெருவுலதான் லேப். ரெண்டு கல்லையும் கொண்டுபோவோமா, இல்ல நீங்களே எடுத்துக் கொடுக்கிறீங்களா?"

சம்பந்தி சட்டையின் உள்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். அதைப் பிரித்த விதத்திலேயே எல்லாம் தெரிந்தது; விரல்கள் பார்க்காமலே மடிப்புகளைத் திறந்தன. உள்ளே இன்னொரு நீலம். ரேடியோ தன் கையிலிருந்ததை அதன் பக்கத்தில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். அவளுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. அது அவளுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

"வேற ஊர்ல தரகு பண்ணிட்டிருந்தேன்" என்றார் சம்பந்தி, யாரையும் பார்க்காமல். "ஒரு தப்புக்கு அப்புறம் அங்க தரகருங்க யாரும் சேர்த்துக்க மாட்டேன்னுட்டாங்க."

"வேணாம் வேணாம்னு சொன்னீங்களே சம்பந்தி" என்றார் டீச்சர். "நீங்க ஒவ்வொரு தடவை வேணாம்னு சொன்னப்பவும், அதுக்கு அவர் ஒரு பதில் வச்சிருந்தாரு. நான் கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் நீங்களே கேட்டுட்டீங்க. எனக்குன்னு ஒண்ணுமே மிச்சம் வைக்கல."

சம்பந்தி தரையில் கிடந்த விசிட்டிங் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

துப்பறிவாளர் எழுந்தார். வேலை முடிந்தது போலத்தான் இருந்தது. ஆனால் அவர் கதவுப் பக்கம் போகவில்லை.

"டீச்சர், கல்லா வாங்கிக் கொண்டுபோகலாம்னு மொதல்ல சொன்னது யாரு? இவரா?"

"இல்ல. இவருக்கு நான்தான் சொன்னேன்." டீச்சர் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருடைய முகம் மாறிக்கொண்டு வந்தது. "என் பொண்ணு. போன்ல சொன்னா. பணமா வேணாம்மா, கல்லா வாங்கிட்டு வான்னு."

ரேடியோ டீச்சரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.

டீச்சர் அந்த அறையில் இருந்த ஒருவரையும் பார்க்காமல் கைப்பையிலிருந்து போனை எடுத்தார். எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். மணி அடித்தது. மகள் எடுத்தாள்.

"சொல்லும்மா."

"கல்லு வாங்கிட்டேம்மா" என்றார் டீச்சர்.

மறுமுனையில் ஒன்றுமில்லை. துப்பறிவாளர் தன் வாழ்நாளில் எத்தனையோ மௌனங்களைக் கேட்டவர். இது எந்த வகை என்று அவருக்கு உடனே பிடிபடவில்லை. சந்தோஷமா, நிம்மதியா, குற்றமா?

"செக்கக் கொடுத்துட்டியா?"

"கொடுத்துட்டேன்."

"ஏம்மா..." குரல் உடைந்தது. "நான் சொன்னா உடனே வாங்கிடுவியா? என் குரல்ல உனக்கு ஒண்ணும் தெரியலையா? உன் மாப்பிள்ளை பக்கத்துல நின்னாரும்மா. எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொன்னாரு. போயிடுச்சா? எல்லாம் போயிடுச்சா? எப்படியாவது திருப்பிக் கேளும்மா!"

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார். திறந்தபோது அங்கே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த பெண்மணி இல்லை.

"அழாத. ஒண்ணும் போகல. செக் என் பையிலதான் இருக்கு. இப்ப அவன் எங்க?"

"கார எடுத்துட்டு வெளிய போயிருக்காரு. வந்துருவாரு."

"பாஸ்போர்ட்?"

"அவர் பையில."

"போனாப் போகுது, வேற வாங்கிக்கலாம். மேல் மாடில ஒரு நர்ஸ் இருக்காங்கன்னு சொன்னியே, இருக்காங்களா?"

"இருக்காங்க."

"போன வைக்காத. செருப்பப் போடு. கதவச் சாத்திட்டு மாடி ஏறு."

அப்போது இன்னொரு போன் அடித்தது. சம்பந்தியின் சட்டைப் பையில். அவர் எடுத்துப் பார்த்தார். திரையில் 'மகன்' என்று இருந்தது. கட்டைவிரல் எங்கே போகலாம் என்று தெரியாமல் அதன்மேல் தொங்கியது. ரேடியோ அதைப் பிடுங்கப் பாய்ந்தாள். டீச்சர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"எடுங்க சம்பந்தி" என்றார். குரல் தாழ்ந்திருந்தது, பின்வரிசை வரை கேட்கும்படி பழகிய குரல்தான், ஆனால் தாழ்ந்திருந்தது. "கல்ல வாங்கிட்டாங்கன்னு சொல்லுங்க. கார ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. என்ன கலரு, எப்படி மின்னிச்சு, நான் எப்படி ஏமாந்தேன், எல்லாம் சொல்லுங்க. என் பொண்ணு அந்தக் கதவைத் தட்டி உள்ள போற வரைக்கும் நிறுத்தாமப் பேசுங்க. நடுவுல ஒரு வார்த்தை மாறுச்சுன்னா, இந்த சார் கீழ போய் போலீஸோடதான் மேல வருவாரு."

சம்பந்தி துப்பறிவாளரைப் பார்த்தார். அவர் கதவில் சாய்ந்து நின்றிருந்தார்.

போன் காதுக்குப் போயிற்று.

"ஆமாப்பா... வாங்கிட்டாங்க." சம்பந்தி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "ஓட்டிக்கிட்டே பேசாத, ஓரமா நிறுத்து... சொல்றேன் கேளு. ஜன்னல்கிட்ட வச்சுப் பார்த்தாங்க. நீலம்னா அப்படியொரு நீலம்..."

மேசைமேல் கிடந்த மற்றப் போனிலிருந்து ஒரு பூட்டு திறக்கும் சத்தம் வந்தது. பிறகு படிகளில் ஏறுகிற காலடிகள், முதலில் மெதுவாக, பிறகு வேகமாக.